சதுரங்க ராணிகள் – 4: கடைசி இடத்துக்கு அஞ்சாத சாம்பியன்

ருஷ்யப் புரட்சியில் ஆலையையும் வீட்டையும் இழந்த ஒரு குடும்பத்தின் மூத்த புதல்வியான வேரா மென்சிக், தாயுடனும் தங்கை ஓல்காவுடனும் 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்ததையும், ஊராரின் பாஷை நாவில் படியாத அந்தப் பருவத்தில், பேச்சுக்கே அவசியமில்லாத சதுரங்கம் அவருக்கு உற்ற துணையாக வாய்த்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். மாஸ்கோவில் ஒன்பதாம் வயதில் செக் இனத்தவரான தந்தையிடம் கற்ற ஆட்டத்தை, 1923-இல் ஹேஸ்டிங்ஸ் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்த பிறகே அவர் முறையாகப் பயிலத் தொடங்கினார். ஹங்கேரிய மேதை கேஸா மரோட்சி அங்கே அவருக்குக் குருவாக அமைந்தது பெரும் பாக்கியம். அவசரத் தாக்குதல்களில் ஆசை வைக்காமல், தன் சிப்பாய்களின் அணிவகுப்பை முதலில் உறுதியாக்கிக்கொண்டு, எதிராளியின் நிலையிலுள்ள ஒரு சிறு பலவீனத்தைப் பொறுமையாக வளர்த்து, காய்கள் குறைந்த இறுதியாட்டத்தில் வெற்றியை வசப்படுத்தும் சம்பிரதாயம் மரோட்சியுடையது. இயல்பிலேயே சாந்தமான அந்த யுவதிக்கு அது சுலபமாகப் பொருந்திற்று.

1927-ஆம் ஆண்டு லண்டனில் முதலாவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, அதனோடு சேர்த்து ஸ்திரீகளுக்கான உலகச் சாம்பியன் போட்டியும் முதல் முறையாக ஏற்பாடு செய்யப்பட்டது. இருபத்தொரு வயது வேரா, 11 ஆட்டங்களில் பத்தை வென்று, ஒன்றை மட்டும் சமனாக முடித்துப் பட்டத்தைப் பெற்றார். ஹாம்பர்க், பிராக், போக்ஸ்டன், வார்சா, ஸ்டாக்ஹோம் என்று நகரம் நகரமாக நடந்த போட்டிகளில் யார் எதிர்த்து வந்தபோதிலும் அந்தப் பட்டம் அவரிடமிருந்து நகரவில்லை. பிராகிலும் போக்ஸ்டனிலும் வார்சாவிலும் ஸ்டாக்ஹோமிலும் அவர் ஆடிய அத்தனை ஆட்டங்களும் வெற்றியே. ஏழாவதும் கடைசியுமான போட்டி 1939-இல் ஆர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் அயர்ஸில் நடந்து கொண்டிருக்கையில் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. அப்போதும் 19 ஆட்டங்களில் ஒன்றிலும் தோல்வி காணாமல் அவர் பட்டத்தோடு திரும்பினார். ஏழு போட்டிகளுக்கும் மொத்தக் கணக்கு: 83 ஆட்டங்கள், 78 வெற்றி, 4 சமன், ஒரே ஒரு தோல்வி. முதல் போட்டியில் ருஷ்யாவின் பெயராலும், பிறகு தந்தையின் தேசமான செக்கோஸ்லோவாகியாவின் பெயராலும், 1937-இல் ஆங்கிலேயர் ஒருவரை விவாகம் செய்துகொண்ட பின் இங்கிலாந்தின் பெயராலும் ஆடினார் என்பதையும் குறித்துக்கொள்வோம்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் வேரா மென்சிக்கின் பெருமை முழுவதும் இதிலேயே அடங்கிவிட்டதாக எண்ணத் தோன்றும். என் அபிப்பிராயம் வேறு. தம் காலத்துப் பெண்களிடையே தமக்கு நிகரானவர் அநேகமாக எவருமில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்த பிறகு, கிடைத்த கிரீடத்தோடு திருப்தியடைந்து, அவ்வப்போது அதைக் காத்துக்கொள்வதோடு நின்றிருந்தால், அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ, தம்மைவிடப் பலம் மிகுந்தவர்களைத் தேடிச் சென்றார். அத்தகையவர்கள் அன்று ஆண்களின் போட்டிகளில்தான் இருந்தார்கள்.

1929-ஆம் ஆண்டின் இரு சம்பவங்கள் இதை விளக்கும். அவ்வாண்டு வசந்தத்தில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பந்தயத்தில், முன்னாள் உலகச் சாம்பியன் கபாப்ளாங்கா முதலிடம் பெற, அவருக்கு அரைப் புள்ளியே குறைவாக, போலந்தின் மகத்தான ஆட்டக்காரர் ரூபின்ஸ்டைனுக்குச் சமமாக இரண்டாம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார் வேரா. குருவான மரோட்சியே அவருக்குக் கீழே நிற்க நேர்ந்தது. அதே கோடையில் கார்ல்ஸ்பாட் நகரில், உலகத்தின் முதன்மையான ஆட்டக்காரர்கள் 22 பேர் கூடிய பெரும் பந்தயத்துக்கு அவர் அழைக்கப்பட்டார். அந்தச் சபையில் பெண் ஒருத்திக்கு ஆசனம் கிடைத்ததைச் சிலர் விரும்பவில்லை. வியன்னாவின் ஆல்பர்ட் பெக்கர், இவளிடம் தோற்பவர்களைக்கொண்டு ‘வேரா மென்சிக் சங்கம்’ என்று ஒன்று ஆரம்பிக்கலாம் எனப் பரிகாசம் செய்தாராம். மூன்றாவது சுற்றில் வேரா அவரைத் தோற்கடிக்கவே, அந்தச் சங்கத்தின் முதல் உறுப்பினராகும் கௌரவம் அவருக்கே கிட்டியது. பெக்கர் சாமானியர் அல்லர். அப்பந்தயத்தின் முடிவில் ஐந்தாம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்ட மூவரில் ஒருவர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதன் பின்பகுதியே நாம் சிந்திக்கத்தக்கது. கார்ல்ஸ்பாடில் பெக்கரையும் ஸேமிஷையும் வென்ற வேரா, 21 ஆட்டங்களில் மொத்தம் 3 புள்ளிகளே பெற்று, 22 பேரில் கடைசியாக வந்தார். ஒரு மாத காலம், அநேகமாக ஒவ்வொரு நாளும், பத்திரிகைக்காரர்களும் பரிகாசக்காரர்களும் பார்த்திருக்கத் தோற்பது என்றால், உலகச் சாம்பியன் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டே தோற்பது என்றால், அதைச் சகிக்க எத்தகைய மனத்திடம் வேண்டும்! அந்த அனுபவத்துக்குப் பிறகு எவரும் ஒதுங்கியிருப்பார்கள். வேராவோ ஒதுங்கவில்லை; அதே ஆண்டு பார்சிலோனாவில் மறுபடியும் கபாப்ளாங்காவின் எதிரே உட்கார்ந்தார். ஹேஸ்டிங்ஸின் புத்தாண்டுப் பந்தயங்களில் முதல் வரிசையில் பலமுறை ஆடினார். 1935-இல், தாம் பிறந்த மாஸ்கோவில் 20 பேர் ஆடிய சர்வதேசப் பந்தயத்திலும் அவருக்குக் கிடைத்தது கடைசி இடமே. கபாப்ளாங்காவையும் உலகச் சாம்பியன் அலேகினையும் அவரால் ஒரு முறைகூட வெல்ல முடிந்ததில்லை.

தோல்விகளின் நடுவே சம்பாதித்த வெற்றிகளோ சாசுவதமானவை. பின்னாளில் அலேகினையே வீழ்த்தி உலகச் சாம்பியனான ஹாலந்தின் மாக்ஸ் யூவே, ஹேஸ்டிங்ஸில் அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் வேராவிடம் தோற்றார். பஞ்சாபிலிருந்து ஸர் உமர் ஹயாத் கானின் பரிவாரத்தில் ஒருவராக இங்கிலாந்து வந்து, மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியனாகி, மேனாட்டு மேதைகளையெல்லாம் பிரமிக்க வைத்த மீர் சுல்தான் கானும் அவரிடம் ஓர் ஆட்டத்தை இழந்தவர்தாம். அதே பரிவாரத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண்மணி 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார் என்பதும் நம் தேசத்தார் மறக்கக் கூடாத செய்தி. தாமஸ், கோல், கோலம்பெக், அலெக்ஸாண்டர், பிற்காலத்தில் அமெரிக்காவின் முதன்மை ஆட்டக்காரராக விளங்கிய ரெஷெவ்ஸ்கி ஆகியோரும் அந்தச் ‘சங்க’த்தில் சேர்ந்தார்கள்.

யுத்தம் வந்ததும் பந்தயங்கள் நின்றன. 1939-இல் லண்டனில் திறந்த தேசிய சதுரங்க நிலையத்தை நிர்வகிக்கும் பொறுப்பு வேராவுக்குக் கிடைத்தது. மறு ஆண்டே விமானக் குண்டுவீச்சில் அந்நிலையம் அழிந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தும், கழகங்களில் ஆடியும் அவர் காலத்தை ஓட்டினார். ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்திருந்த முதுபெரும் ஆட்டக்காரர் ழாக் மீஸஸுடன் 1942-இல் 10 ஆட்டங்கள் ஆடி, நான்கில் வென்று, ஒன்றில் தோற்று, ஐந்தைச் சமனாக்கி, போட்டியைக் கைப்பற்றினார். 1943-இல் கணவர் ஸ்டீவன்ஸன் காலமானார். அடுத்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், லண்டனின் கிளாபம் பகுதியிலிருந்த வீட்டின்மேல் ஜெர்மானியரின் பறக்கும் வெடிகுண்டு ஒன்று விழ, வேராவும் ஓல்காவும் தாயாரும் ஒருசேர உயிர் நீத்தார்கள். அப்போது வேராவுக்கு வயது 38. உலகச் சாம்பியன் பட்டமும் அவரிடமே இருந்தது. காலியான அந்த ஆசனத்துக்குப் புதியவரைத் தேர்ந்தெடுக்க 1949-ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்கோவில் ஒரு போட்டி தொடங்கிற்று. லியுட்மிலா ருதென்கோ அதில் வென்றார்.

மகளிர் சதுரங்க ஒலிம்பியாடில் முதலிடம் பெறும் அணிக்கு வழங்கும் கோப்பை வேரா மென்சிக்கின் பெயரையே தாங்கியிருக்கிறது. 2022-இல் நம் மாமல்லபுரத்தில் உக்ரைன் நாட்டு மங்கையர் பெற்றதும், 2024-இல் புடாபெஸ்டில் சென்னையின் வைஷாலி இடம்பெற்ற இந்திய அணி வென்றதும் அந்தக் கோப்பைதான். மகளிருக்கென்று தனியாக உள்ள பட்டத்தோடு நில்லாமல், ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவான கிராண்ட்மாஸ்டர் தகுதியை வைஷாலி 2023-இல் எட்டியதற்குக் காரணம், பொதுப் பந்தயங்களில் இறங்கி ஆடியதே. கார்ல்ஸ்பாடில் வேரா தனியாக நடந்து சென்ற பாதையில் இன்று நம் வீட்டுப் பெண்களும் நடக்கிறார்கள்.

ஆகையால், பெண் குழந்தைகளைச் சதுரங்க வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது ஒன்று. சிறுமியர் பிரிவில் சுலபமாகக் கிடைக்கும் கோப்பையைக் கண்டு மனநிறைவு கொண்டுவிடாதீர்கள். உங்கள் மகளைப் பொதுப் பிரிவில் ஆடவிடுங்கள். தன்னைவிட வல்லவர்களிடம் அவள் தோற்றுவிட்டு வந்தால், அன்றிரவே அந்த ஆட்டத்தைப் பலகையில் பரப்பி, எந்த நகர்த்தலில் பிசகினாள் என்று அவளோடு அமர்ந்து பாருங்கள். ஏழு முறை உலகச் சாம்பியனான வேரா மென்சிக்குக்குக் கடைசி இடம் அவமானமாகத் தோன்றியதில்லை. உங்கள் மகளுக்கும் அது அவமானம் ஆகாது.

(தொடரும்)