திரும்பி வராத நினைவகம்

திருமணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அண்டா, தவலை, கரண்டி என்று கடைக்காரர் எண்ணிக் கொடுத்து, நோட்டில் எழுதிக்கொள்வார். விசேஷம் முடிந்ததும் எல்லாம் திரும்பி வர வேண்டும். வந்தால்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். நாளைக்கு ஒரு கரண்டி வீதம் திரும்பாமல் போனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் ஆண்டு முடிவில் 365 கரண்டிகள் குறைந்திருக்கும். நல்ல முகூர்த்த நாளில் கடைக்காரர் கையை விரிக்க நேரிடும்.

கணிப்பொறிக்கும் இத்தகைய நோய் ஒன்று உண்டு. அதற்கு நினைவகக் கசிவு என்று பெயர். கசிவு என்றதும் ஏதோ வெளியே ஒழுகுகிறது என எண்ண வேண்டாம். நினைவகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை எடுத்தவன் திருப்பித் தர மறந்துவிட்டான். கடைக்காரர் கணக்கில் அது வெளியே போன பொருள். எனவே அதை வேறு யாருக்கும் தர இயலாது.

இது சில்லறை விஷயம் என்று தோன்றலாம். இலண்டன் நகரில் நடந்ததைப் பாருங்கள்.

இலண்டன் ஆம்புலன்ஸ்

1992-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது. தொடக்கத்திலேயே பல குழப்பங்கள் எழுந்ததால் பணியின் ஒரு பகுதி மனிதர் கைக்கே திரும்பியது. பின்னர் நவம்பர் 4-ஆம் நாள் அதிகாலையில் கணிப்பொறி மெதுவாகி, இறுதியில் அடியோடு நின்றுவிட்டது. ஊழியர்கள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பழைய முறையில் வண்டிகளை அனுப்ப வேண்டியதாயிற்று.

விசாரணையில் காரணம் தெரிந்தது. நிரல் எழுதியவர் ஒரு சிறு துண்டை அகற்றாமல் விட்டிருந்தார். வண்டி ஒன்று அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டு மையக் கணிப்பொறியில் சிறிதளவு நினைவகத்தை எடுத்தது; திருப்பித் தரவில்லை. ஏறத்தாழ மூன்று வாரத்தில் நினைவகம் முழுவதும் தீர்ந்தது. அதுவரை இந்தக் கசிவு யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் இந்நோயின் கொடுமை.

இலண்டனில் கசிந்தது ஒரு பயன்பாட்டு நிரல். அதைவிட ஆழமான இடத்திலும் கசிவு ஏற்படுவதுண்டு. அந்த இடம் கெர்னல்.

கெர்னல் என்பது யாது?

கணிப்பொறியில் கடிதம் எழுதும் நிரல், படம் காட்டும் நிரல், கணக்குப் போடும் நிரல் எனப் பல நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. நினைவகத்தையும் வட்டையும் வலைத்தொடர்பையும் அவற்றுக்குப் பங்கிட்டுத் தருவது இயங்குதளம். இயங்குதளத்தின் நடுப்பகுதியே கெர்னல். விதைக்குள் இருக்கும் பருப்பு என்பதே அச்சொல்லின் பொருள். பாத்திரக் கடைக்காரர் இவர்தான் என வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண நிரல் ஒன்று நினைவகத்தைத் திருப்பித் தர மறந்தால் பெரிய ஆபத்தில்லை. அந்த நிரல் முடிந்ததும், அதன் பெயரில் நோட்டில் உள்ள அனைத்தையும் கெர்னல் தானே போய் எடுத்துக்கொள்ளும். நிரலை மூடித் திறந்தால் கசிவு மறைந்துவிடும்.

ஆனால் கெர்னலும் தன் சொந்த வேலைகளுக்காக நினைவகம் எடுக்கிறது. கோப்பைத் திறந்தால் அதைப் பற்றிய குறிப்பு எழுத ஓர் இடம் வேண்டும்; வலைவழியே செய்தி வந்தால் அதை வைக்க ஓர் இடம் வேண்டும். இவற்றைத் திருப்ப மறந்தால் கேட்பார் யார்? கடைக்காரரே எடுத்து வைத்து மறந்த பாத்திரத்தைத் தேடி வர, அவருக்கு மேலே ஒருவர் இல்லை. கணிப்பொறியையே நிறுத்தி மீண்டும் தொடங்கும் வரை அந்த நினைவகம் வீண்தான்.

சிறு துளி

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெர்னல் ஒரு தடவைக்கு 64 பைட்டு மறக்கிறது எனக் கொள்வோம். இந்தப் பத்தியில் ஒரு வரி அளவுகூட அதில் அடங்காது. பரபரப்பான கணிப்பொறி ஒன்றில் அந்த வேலை வினாடிக்கு 1,000 முறை நடந்தால், ஒரு வினாடியில் 64,000 பைட்டு போகும். ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆக நாளொன்றுக்குச் சுமார் 550 கோடி பைட்டு! 1,600 கோடி பைட்டு நினைவகம் உள்ள பொறியும் மூன்று நாளில் மூச்சுத் திணறும்.

நினைவகம் தீர்ந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுள் அதிக இடத்தை அடைத்திருப்பது போன்ற ஒன்றைத் தேர்ந்து அதைக் கொன்று இடம் பிடிக்கும். கசிவு கெர்னலிலேயே இருந்தால் இது எத்தகைய அநீதி என்பதை எண்ணிப் பாருங்கள். மறந்தது கெர்னல், உயிர் விடுவது ஒரு பாவமும் அறியாத நிரல். அதன் இடத்தையும் கசிவு சிறுகச் சிறுக விழுங்கிவிடும்.

கசிவு பிறக்கும் இடம்

இத்தனை கவனமாக எழுதப்படும் கெர்னலில் மறதி எப்படி நுழைகிறது? 2019-இல் லினக்ஸில் கண்டுபிடித்துத் திருத்தப்பட்ட ஒரு கசிவைப் பார்ப்போம்.

செய்திகளை மறைகுறியாக மாற்றும் பல முறைகள் லினக்ஸ் கெர்னலில் உள்ளன. 'இன்ன முறையின் விவரம் என்ன?' என ஒரு நிரல் கேட்கலாம். பதில் சொல்லும் பகுதிக்குக் கிரிப்டோ ரிப்போர்ட் என்று பெயர். அது முதலில் பதிலை எழுத ஓர் உறை எடுக்கும். பிறகு விவரத்தை எழுதும். பிறகு உறையைக் கேட்டவருக்கு அனுப்பும். உறை போய்ச் சேர்ந்ததும் அதன் இடம் முறைப்படி விடுவிக்கப்படும். இதுவரை குறையில்லை.

விவரத்தை எழுதுவது தோல்வியுற்றால்? 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டு அந்தப் பகுதி திரும்பிவிடும். ஆனால் கையிலிருந்த உறையை அது திருப்பித் தரவில்லை. லினக்ஸ் 5.3.11 வரையிலான பதிப்புகளில் இக்குறை இருந்தது. தீய எண்ணம் உடைய ஒருவர் இத்தோல்வியை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வரவழைத்தால் நினைவகத்தைத் தீர்த்துவிட முடியும். ஆகவே இது பாதுகாப்புக் குறைகளின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

இங்கு ஒரு பொது உண்மை இருக்கிறது. கசிவுகளில் பல, வேலை நல்லபடி முடியும் நேர்வழியில் பிறப்பதில்லை. அந்த வழியில் நிரல் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை நடந்து பார்க்கிறது. வேலை பாதியில் முறியும்போது திரும்பும் குறுக்கு வழியில்தான் அவை பதுங்கியிருக்கின்றன. அந்த வழியில் போவோர் அரிது. எனவே பார்ப்போரும் அரிது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நோயைக் கண்டறிய முதற்படி, எந்தப் பண்டம் குறைகிறது என்று பார்ப்பது. லினக்ஸ் கெர்னல் தன் நினைவகத்தை அஞ்சறைப் பெட்டிபோல் வகை பிரித்து வைத்திருக்கிறது. கோப்புக் குறிப்புகளுக்கு ஓர் அறை, வலைச் செய்திகளுக்கு ஓர் அறை என்று பல உண்டு. சன் நிறுவனத்தின் ஜெஃப் போன்விக் 1994-இல் சோலாரிஸ் இயங்குதளத்துக்காக விவரித்த முறை இது. எந்த அறை நாளுக்கு நாள் பெருக்கிறது என்று பார்த்தால் எந்தத் திசையில் தேடுவது என்பது தெரியும்.

ஆனால் பெருப்பதெல்லாம் கசிவாகாது. அடிக்கடி தேவைப்படும் கோப்பு விவரங்களைக் கெர்னல் வேண்டுமென்றே சேர்த்து வைக்கும். இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். கேட்டும் விட்டுக்கொடுக்காதது எது என்பதே கேள்வி.

இரண்டாம் படி, யார் எடுத்தது என்று அறிதல். இதற்காக 2009-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.31 பதிப்பில் கேமெம்லீக் என்ற துப்பறியும் கருவி சேர்க்கப்பட்டது. இதன் தத்துவம் எளிமையானது. கெர்னல் எடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த இடத்தை வைத்திருப்பவர் அம்முகவரியை எங்காவது குறித்து வைத்திருக்க வேண்டும். முகவரியே தொலைந்தால் இடத்தைத் திருப்பித் தரவும் முடியாதல்லவா?

எனவே கேமெம்லீக், கெர்னல் எடுத்த இடங்கள் அனைத்தையும் முதலில் வெள்ளை எனக் குறித்துக்கொள்கிறது. பிறகு நினைவகத்தில் எங்கெல்லாம் முகவரிகள் எழுதப்பட்டுள்ளன என்று துழாவுகிறது. முகவரி கிடைத்த இடம் சாம்பல் நிறமாக மாறும். துழாவி முடித்த பின்னும் வெள்ளையாகவே எஞ்சியவை அனாதைகள். அவற்றின் அளவையும், எடுத்தபோது கெர்னலின் எந்தப் பகுதி எதை அழைத்தது என்ற வரிசையையும் அது அறிக்கையாகத் தரும். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இச்சோதனை நடக்கும்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. தற்செயலாக முகவரிபோல் தோன்றும் ஓர் எண், உண்மையான கசிவை மறைத்துவிடலாம். முகவரியை வேறு வடிவில் மாற்றி வைத்திருந்தால், நிரபராதி மேல் பழி விழலாம். அதனால்தான் இக்கருவி எதையும் தானாகப் பறிமுதல் செய்வதில்லை. சந்தேகத்தை மட்டும் சொல்கிறது. பொறியின் வேகத்தையும் இது குறைக்கும். ஆகவே சோதனைச் சாலையில் ஓடும் கெர்னல்களில்தான் பெரும்பாலும் இதற்கு வேலை.

திருத்தமும் அதன் ஆபத்தும்

கிரிப்டோ ரிப்போர்ட் கசிவைத் திருத்த என்ன செய்தார்கள்? தோல்வி என்று திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், 'உறையை விடுவி' என்ற ஒரே கட்டளையைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு வரிதானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வரியை எங்கே வைப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. சற்று முன்னதாக வைத்துவிட்டால், இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இடம் வேறொருவருக்குப் போய்விடும். இருவரும் ஒரே ஏட்டில் எழுதினால் கணக்கு என்னவாகும்? ஏற்கெனவே விடுவித்ததை மறுபடி விடுவித்தால் கெர்னலின் நோட்டே குழம்பிவிடும். கசிவு பொறியை மெல்லக் கொல்லும். இந்த இரண்டு தவறுகளோ உடனே வீழ்த்தக்கூடியவை, திருடர்களுக்குக் கதவையும் திறந்துவிடக்கூடியவை. எனவே, 'இந்தக் கணத்தில் இந்த இடம் யாருக்கு உரியது?' என்ற கேள்விக்கு விடை தெரியாமல் திருத்தத்தில் கைவைக்கக் கூடாது. கிரிப்டோ ரிப்போர்ட்டில் விடை தெளிவு. அனுப்பும் வரை உறை அந்தப் பகுதிக்கே உரியது. அனுப்பிய பின் பொறுப்பு வாங்கியவரைச் சேர்ந்தது. ஆகவே அனுப்பாமல் திரும்பும்போது மட்டும் விடுவிக்க வேண்டும்.

திருத்தியதும் வேலை முடிவதில்லை. தோல்வியைச் செயற்கையாக வரவழைத்துச் சோதிக்க வேண்டும். நினைவகம் கேட்கும்போது வேண்டுமென்றே 'இல்லை' என்று சொல்லவைக்கும் வசதி லினக்ஸில் உண்டு. அதைக்கொண்டு குறுக்கு வழியில் ஓர் இலட்சம் முறை நடக்கவைத்து, முன்னும் பின்னும் கணக்குப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றானால் கசிவு நின்றது எனலாம்.

மனித மறதியையே தவிர்க்க வழியில்லையா? லினக்ஸ் கெர்னலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. எடுப்பதும் கொடுப்பதும் அம்மொழியில் எழுதுபவரின் பொறுப்பு. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 முதல் ரஸ்ட் என்ற மொழிக்கும் கெர்னலில் இடம் கிடைத்துள்ளது. அதில் ஒவ்வோர் இடத்துக்கும் உரியவர் யார் என்பதை மொழியே கணக்கில் வைத்து, அவர் வேலை முடிந்ததும் இடத்தைத் தானே விடுவிக்கும். மறதியின் பெரும்பகுதி இதனால் குறையும், முற்றிலும் ஒழியாது.

'அணைத்துவிட்டுப் போடுங்கள், சரியாகிவிடும்' என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். கசிவுக்கும் அது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது போன்றது. நோய் உள்ளேயே இருக்கும். மருத்துவமனையிலும் மின் நிலையத்திலும் மாதக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய பொறிகளுக்கு அந்த வைத்தியமும் கிட்டாது. அங்கெல்லாம் யாரோ ஒருவர் அறிக்கைகளைப் படித்து, எவரும் நடக்காத அந்தக் குறுக்கு வழியைத் தேடிப்பிடித்து, சரியான இடத்தில் ஒரு வரியைச் சேர்த்தாக வேண்டும்.