ஏட்டிலிருந்து எழுந்த கடல்

கள்ளிக்காட்டை அடுத்த அணையைத் தாண்டி ஓடும் நெய்யாறு பூவாறில் கடலோடு சேர்கிறது. அந்தக் கரையில் நின்றால் தெரிகிற கடலை இந்த வட்டாரத்துப் பழைய ஓவியங்களில் தேடினால் அகப்படாது. எல்லைக்கு அப்பால் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரில் அனந்தசயனம் தீட்டப்பட்டிருக்கிறது. அங்கே பெருமாள் பள்ளிகொண்டிருப்பது புராணம் சொல்லும் பாற்கடலில். பக்கத்துக் குளச்சலில் அலையடிக்கும் உப்புக்கடலில் அல்ல. நம் பழைய ஓவியர்கள் கடலைப் பார்த்து வரைந்ததைவிடப் படித்தும் கேட்டும் வரைந்ததே அதிகம். இதைக் குறையாக மட்டும் பார்த்தால் அவர்கள் செய்த காரியம் கண்ணில் படாமல் போய்விடும்.

கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா தம் கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனைக்குப் புராண ஓவியங்கள் வரைந்து கொடுத்தார். அவற்றில் ஒன்றில் ராமன் பாறைமேல் வில்லோடு நிற்கிறான். கொந்தளிக்கும் அலைகளுக்கு நடுவே வருணன் எழுந்து இறைஞ்சுகிறான். கம்பன் யுத்த காண்டத்தில் ஒரு படலமே பாடிய கட்டம் இது. காவியத்தில் கோபம் முதலில் வரும், கடலரசன் பணிவது பிறகுதான். ரவிவர்மா இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்திவிட்டார். வரிசையாகவே சொல்ல முடிந்த கதைக்கு இது வாய்க்காது. ‘எல்லாம் நாடக மேடை, ஐரோப்பியப் பாணி’ என்பார்கள். பாணி இரவல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடலை ஒரு பாத்திரமாக்கி வில்லுக்கு எதிரே நிறுத்தலாம் என்ற எண்ணம் ராமாயணத்திலிருந்து வந்தது. எண்ணெய் வண்ணத்தோடு ஐரோப்பாவிலிருந்து வந்ததல்ல.

‘படம் போட்டால் வாசகனின் கற்பனை குறுகிவிடும்’ என்று இன்னொரு வாதம் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தபோது மணியம் சித்திரம் வரைந்தார். கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலிக்கு அவர் கொடுத்த முகத்தைத்தான் பலரும் இன்றும் மனதில் வைத்திருக்கிறார்கள். கற்பனை அதனால் செத்துவிடவில்லை. பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள் மறுபடி மறுபடி கதைக்குத்தான் போனார்கள்.

பலமான ஆட்சேபம் வேறொன்று: பூவாறிலும் பொழியூரிலும் கட்டுமரம் தள்ளியவர்கள் இந்தப் பழைய படங்களில் எங்கே? இல்லைதான். அரண்மனைத் தூரிகையின் குற்றம் அதில் பாதி. மீதிப் பாதி ஏட்டினுடையது; அவர்களைக் கதை நாயகர்களாக்கிய பெருங்கதை எதுவும் ஓவியன் கையில் அன்று இருக்கவில்லை. அப்படியொரு கதையான தகழியின் ‘செம்மீன்’ வெளிவந்தது 1956இல். ரவிவர்மா மறைந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.