200 டாலர் கடனும் ஐந்து அண்ணன் தம்பிகளும்

2021 கிறிஸ்துமஸ் அன்று விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தங்க முலாம் பூசிய 18 அறுகோண ஆடிகள். அந்த ஆடி அமைப்பை உருவாக்கித் தரும் பொறுப்பை ஏற்றிருந்தது ஓர் அமெரிக்க நிறுவனம். அதன் பூர்வாசிரமத்தைத் தோண்டினால் கிடைப்பவை மண்ணெண்ணெய் டின்னும், வீட்டில் பழம் பதப்படுத்தி வைக்கிற கண்ணாடி ஜாடியும்தான்.

குடும்பப் பெயர் பால். (குடிக்கிற பால் அல்ல, பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) லூசியஸ், வில்லியம், எட்மண்ட், ஃபிராங்க், ஜார்ஜ் என்று ஐந்து சகோதரர்கள். விவசாயக் குடும்பம். 1880-ல் எட்மண்டும் ஃபிராங்கும் தங்கள் தந்தையின் சகோதரரான ஒரு பாதிரியாரிடம் 200 டாலர் கடன் வாங்கி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு சிறிய டின் பட்டறையை விலைக்கு எடுத்தார்கள். தகர டின்னைச் சுற்றி மர உறை போட்டு, பெயின்ட், வார்னிஷ், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க விற்பது பட்டறையின் வேலை. கொஞ்ச நாளில் மற்ற சகோதரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

தகரம் அரிக்கும். அதற்கு மாற்றாக உள்ளே கண்ணாடிக் கலம், வெளியே தகர உறை என்று செய்து பார்த்தார்கள். கண்ணாடியை எத்தனை நாளைக்கு வெளியில் வாங்குவது என்று சொந்தமாக உலை போட்டார்கள். இங்கேதான் தொழிலின் போக்கு மாறியது. கண்ணாடி உலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், எதையாவது வார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் டின்களுக்குத் தேவைப்பட்டதைவிட அதிகக் கண்ணாடி கையில் இருந்தது.

ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் 1858-ல் திருகு மூடி போட்ட ஜாடிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அந்த உரிமை 1879-லேயே காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். 1884-ல் பால் சகோதரர்கள் செய்யத் தொடங்கினார்கள். மேசன் 1902-ல் வறுமையில் இறந்துபோனார். கண்டுபிடித்தவன் ஒருவன், காசு பார்த்தவன் வேறொருவன் என்பது எல்லா ஊர் வியாபாரத்திலும் உள்ளதுதான். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மேசனைத் தாண்டி அத்தனை வேகமாகப் போய்விடக் கூடாது.

அந்த ஜாடியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நம் ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் வெயிலும் காவல். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் ஊரில் வெயிலை எங்கே தேடுவது? கோடையில் விளைந்த பீச், தக்காளி, பீன்ஸ் எல்லாவற்றையும் ஜாடியில் அடைத்து, வாயில் ரப்பர் வளையம் மாட்டி, துத்தநாக மூடியைத் திருகி, ஜாடியோடு வேகவைப்பார்கள். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று நுழையாமல் மூடி இறுகிக்கொள்ளும். பழத்தின் புளிப்பு பட்டால் துத்தநாகம் அரித்துச் சுவை கெடும் என்று, மூடியின் உட்புறம் வெள்ளைக் கண்ணாடி வில்லை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். ஆக ஒரு ஜாடிக்குக் கண்ணாடி, துத்தநாகம், ரப்பர் என மூன்று பொருள்கள் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1886-ல் பஃபலோ ஆலையில் தீ. அதே ஆண்டில்தான் இண்டியானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பூமிக்கடியிலிருந்து இயற்கை எரிவாயு பொங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடித் தொழிலில் எரிபொருள்தான் பெரிய செலவு. ஃபிராங்க் ரயிலேறி, எரிவாயு கிடைக்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். மன்சி என்ற சிற்றூர் அவரை விடவில்லை. 7 ஏக்கர் நிலம், 5,000 டாலர் ரொக்கம், எரிவாயு இலவசம் என்று ஊர்ப் பிரமுகர்கள் பேசி முடித்தார்கள். இன்று மாநில அரசுகள் கார் கம்பெனிகளுக்கு விரிக்கும் கம்பளம் அன்றே இருந்திருக்கிறது! 1888-ல் மன்சியில் உலை எரிந்தது.

எரிவாயு தீரவே தீராது என்று அந்த வட்டாரமே நம்பியது. பட்டப்பகலிலும் எரிவாயுப் பந்தங்களை எரியவிட்டு வேடிக்கை காட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளுக்குள் அழுத்தம் இறங்கி, குழாயில் காற்றுதான் வந்தது. இலவச எரிவாயுவை நம்பிக் கடை விரித்த ஆலைகள் பல மூடின. பால் சகோதரர்கள் நிலக்கரிக்கு மாறித் தாக்குப்பிடித்தார்கள். காரணம், அதற்குள் அவர்கள் இயந்திரத்துக்குப் போயிருந்தார்கள். ஃபிராங்கின் பெயரில் 1898-ல் காப்புரிமை பெற்ற அரைத்தானியங்கி ஊதும் இயந்திரம், வாயால் ஊதிக் கண்ணாடி வடித்த கைத்தேர்ச்சியாளர்களின் பிழைப்பில் கைவைத்தது. இண்டியானாவின் கண்ணாடி ஆலை ஒன்றில் நள்ளிரவில் சிறுவர்கள் வேலை செய்வதை 1908-ல் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் படம்பிடித்தார். மலிவான ஜாடிக்குப் பின்னால் இருந்த உலகம் அது.

மணலுக்கும் ஒரு கதை உண்டு. மிச்சிகன் ஏரிக்கரையில் ஹூசியர் ஸ்லைடு என்றொரு மணல்மேடு இருந்தது. ஏறக்குறைய 60 மீட்டர் உயரம், ஏறி விளையாடச் சுற்றுலாக் கூட்டம் வரும். அந்த மணலை வேகன் வேகனாக அள்ளி வந்து உருக்கினார்கள். பால் ஜாடிகளுக்கு இருந்த வெளிர்நீல நிறத்துக்கு அந்த மணலில் கலந்திருந்த தாதுக்களே காரணம் என்பார்கள். 1920 வாக்கில் மேடு தரைமட்டம். அந்த நீல ஜாடிகளை இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். மணல் அள்ளிய குழியைத் தேடி வாங்க ஆளில்லை.

ஜாடிக்கு மூன்று பொருள் என்றேன் அல்லவா? எதற்காகவும் அடுத்தவனிடம் போய் நிற்கக் கூடாது என்பது சகோதரர்களின் பிடிவாதம். துத்தநாகத் தகடு உருட்டும் ஆலை, ரப்பர் வளையம் செய்யும் பிரிவு, ஜாடிகளை அடுக்கி அனுப்ப அட்டை ஆலை என்று வரிசையாக வந்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வைத்து, பிறகு அச்சுத் தொழிலுக்கே பேர்போன சிவகாசிக்காரர்களுக்கு இந்தத் தர்க்கத்தை விளக்க வேண்டியதில்லை. மூடிக்காக வந்த துத்தநாகம் பின்னாளில் எங்கே போனது தெரியுமா? 1982-ல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தைச் செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாற்றியபோது, அச்சிடப்படாத வெற்று வில்லைகளைத் தயாரித்துக் கொடுத்தது இவர்களின் துத்தநாகப் பிரிவு.

மன்சி நகரம் மெல்ல இந்தக் குடும்பத்தின் ஊராகவே ஆனது. திவாலான ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைச் சகோதரர்கள் 1917-ல் ஏலத்தில் எடுத்து, மறு ஆண்டு மாநில அரசிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் இன்றைய பால் ஸ்டேட் பல்கலைக்கழகம். சமூகவியலாளர்களான ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதி இந்த ஊரை ஆராய்ந்து 1929-ல் ‘மிடில்டவுன்’ என்ற புகழ்பெற்ற நூலை எழுதினார்கள். 1937-ல் வந்த அடுத்த நூலில் ‘எக்ஸ் குடும்பம்’ என்று பெயரை மறைத்து ஒரு முழு அத்தியாயமே வந்தது. வேலை, வங்கி, கல்லூரி, மருத்துவமனை என எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குடும்பத்தின் கை இருந்ததை அது பேசியது. யாரைச் சொல்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் மற்ற தொழில்கள் படுத்தபோது ஜாடி விற்றது. கையில் காசில்லாதவர்கள் கொல்லையில் விளைந்ததை ஜாடியில் போட்டு வைத்தார்கள். அடி வேறு திசையிலிருந்து வந்தது. கண்ணாடி இயந்திரக் காப்புரிமைகளைக் கைக்குள் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் பால் பிரதர்ஸும் ஒரு பிரதிவாதி. 1945-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 1947-க்குப் பிறகு, நீதிமன்ற அனுமதி இல்லாமல் இன்னொரு கண்ணாடி ஆலையை வாங்க முடியாது என்ற நிலை. போர் முடிந்திருந்தது. வீடுகளுக்கு ஃப்ரிட்ஜும் தெருமுனைக்கு சூப்பர் மார்க்கெட்டும் வந்தன. ஜாடி நிரப்பும் வழக்கமே தேயத் தொடங்கியது.

1948-ல் தலைமைக்கு வந்தவர் இரண்டாம் தலைமுறை எட்மண்ட் எஃப். பால். கண்ணாடியில் பெருக வழியில்லை என்றால் வேறெதில் என்று தேடினார். 1956-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில், எடை பார்க்கும் கருவி செய்துகொண்டிருந்த ஒரு சிறு நிறுவனத்தின் மீது கண் விழுந்தது. அந்தக் கருவியால் பெரிய பலனில்லை. ஆனால் ராக்கெட்டில் வைத்த கருவி சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும்படி திருப்பும் நுட்பம் தெரிந்த விஞ்ஞானிகள் அதே ஊரில் இருந்தார்கள். அவர்களை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சிப் பிரிவு, 1962-ல் நாசாவின் முதல் சூரிய ஆய்வுக் கலத்தைக் கட்டிக் கொடுத்தது. ஹபிள் தொலைநோக்கியின் பார்வைக் கோளாறைச் சரிசெய்ய 1993-ல் பொருத்திய கருவியும் இவர்கள் செய்ததே.

அதே 1962-ல் மன்சியில் ஜாடி வார்ப்பது நின்றுபோனது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் இந்தக் குடும்பத்தின் வளர்ச்சி முழுதாகப் புரியும். நிலமும் பணமும் எரிவாயுவும் கொடுத்து அழைத்த ஊருக்குக் கல்லூரி மிஞ்சியது, உலை மிஞ்சவில்லை.

1969-ல் கொலராடோவில் பீர் டின் செய்த ஜெஃப்கோ நிறுவனத்தை வாங்கினார்கள். இதுதான் பிற்காலத்தைத் தீர்மானித்தது. அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, கிண்ணமாக அழுத்தி, அச்சுகளுக்கு நடுவே இழுத்து இழுத்துச் சுவரை மெலியவைப்பார்கள். முடிவில் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பக்கவாட்டில் ஒட்டு கிடையாது. அந்தக் காலகட்டத்தில் தலைமையேற்றவர் ஜான் ஃபிஷர், குடும்பத்து மாப்பிள்ளை. 1972-ல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. குடும்பத்தின் தனிச்சொத்து என்ற கதை அதோடு முடிந்தது.

1993-ல் செய்ததைப் பல குடும்பங்கள் செய்யத் துணியாது. வீட்டு ஜாடிப் பிரிவையே தனியாகப் பிரித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். 1996-ல் கண்ணாடித் தொழிலிலிருந்தே முழுதாக விலகினார்கள். பாட்டன் தொடங்கியது என்று கட்டிக்கொண்டு அழவில்லை. நஷ்டம் வந்த பிறகும் பரம்பரைக் கடையை இழுத்து மூட மனமில்லாமல் கடனில் மூழ்கிய குடும்பங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்த வகையில் இவர்களின் கணக்கு கறாரானது. கறாரில் ஈரம் குறைவு என்று மன்சிக்காரர்கள் சொன்னால் மறுக்க முடியாது. 1998-ல் தலைமையகமும் கொலராடோவுக்குப் போய்விட்டது.

எல்லாக் கணக்கும் பலித்ததா என்றால் இல்லை. 2002 டிசம்பரில் ஜெர்மனியின் ஷ்மால்பாக் லுபெகா நிறுவனத்தின் டின் தொழிலை வாங்கினார்கள். 2003 ஜனவரி 1 முதல், தூக்கி எறியும் பான டின்களுக்கு 25 சென்ட் முன்வைப்புத் தொகை கட்டாயம் என்றது ஜெர்மனி. காலி டின்னைத் திரும்ப வாங்கும் தலைவலி எதற்கு என்று கடைகள் டின்களையே அலமாரியிலிருந்து இறக்கிவிட்டன. வாங்கிய கை ஈரம் காயவில்லை, ஜெர்மன் சந்தை சரிந்தது. அதிலிருந்தும் மீண்டு, 2016-ல் பிரிட்டனின் ரெக்ஸாம் நிறுவனத்தை வாங்கி உலகின் மிகப் பெரிய பான டின் தயாரிப்பாளர் ஆனது பால் கார்ப்பரேஷன். ரெக்ஸாமின் இந்திய ஆலைகளும் கூடவே வந்தன. மும்பை அருகே தலோஜாவில் ஆலை இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியிலும் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் விண்வெளிப் பிரிவும் கைமாறியது. பிரிட்டனின் பிஏஇ சிஸ்டம்ஸ் அதை சுமார் 550 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. இப்போது பால் கார்ப்பரேஷனிடம் மிஞ்சியிருப்பது அலுமினியம் மட்டும். பால் என்று பெயர் பொறித்த கண்ணாடி ஜாடிகள் அமெரிக்கக் கடைகளில் இன்னமும் விற்கின்றன. அவற்றை விற்பது நியூவெல் பிராண்ட்ஸ் என்ற வேறொரு கம்பெனி.