அடுத்தவருக்காக மறியல்: அளக்க முடியுமா நீதி உணர்வை?

2021 டிசம்பரில், விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள் பலருக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் பேதியும் கண்டன. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று இன்னொருத்திக்காக ரோட்டுக்கு வரவைக்கும் அந்த உணர்வை அளக்க முடியுமா?

உளவியலாளர்கள் முயன்றிருக்கிறார்கள். ஜெர்மனியின் மான்ஃப்ரெட் ஷ்மிட்டும் அவரது சகாக்களும் வளர்த்தெடுத்த கேள்வித்தாள் நம்மை நான்கு இடங்களில் நிறுத்திப் பார்க்கிறது: அநீதிக்கு ஆளானவர், அதைப் பார்த்து நிற்பவர், அதனால் லாபம் அடைந்தவர், அதைச் செய்தவர். ஒவ்வொரு இடத்துக்கும் 10 கேள்விகள். தனக்கு இழைக்கப்பட்டதற்கு மட்டும் கொதிப்பவர்கள் பெரும்பாலும் பிறரை நம்பாமல் தற்காப்பிலேயே இருக்கிறார்கள். மற்ற மூன்று இடங்களிலும் மனம் உறுத்துகிறவர்களே உதவிக்கு வருகிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கண்டுபிடிப்பு இதுதான்.

ஆனால், தாளில் கொதிக்கக் காசு செலவில்லை. சூரிச்சில் எர்ன்ஸ்ட் ஃபெரும் உர்ஸ் ஃபிஷ்பாக்கரும் 2004இல் வெளியிட்ட சோதனை செலவையும் சேர்த்தது. ஒருவர் கையில் 100 புள்ளி. இன்னொருவரிடம் ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்க்கும் மூன்றாமவரிடம் 50. முதலாமவர் நியாயமாகப் பங்கிடாவிட்டால், மூன்றாமவர் தன் புள்ளியில் ஒன்றை இழந்து அவருக்கு மூன்றைக் குறைக்கலாம். தனக்கு எந்த ஆதாயமும் இல்லாமலே சுமார் 60 சதவீதம் பேர் அப்படிச் செய்தார்கள்.

இந்தச் சோதனையை அப்படியே ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுவந்தால் தவறாகிவிடும். அங்கே மூன்றாமவர் எல்லோருக்கும் ஒரே 50 புள்ளி. இங்கே அப்படியில்லை. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், சங்க அங்கீகாரம் கேட்டு சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தனை நாள் சம்பளமில்லாமல் நிற்பதே பெரிய விலை. கான்ட்ராக்டில் இருப்பவருக்கு ஒரே நாள் மறியல்கூட வேலைக்கே உலை வைத்துவிடும். மௌனமாக ஷிப்டுக்குப் போனவருக்கு நீதி உணர்வு குறைவு என்று மதிப்பெண் போடுவது அநியாயம். மேலும், ஃபாக்ஸ்கான் மறியலில் உட்கார்ந்தவரும் தினமும் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டவர்தான். பார்த்து நிற்பவர், பாதிக்கப்பட்டவர் என்ற கோடே இங்கே அழிந்துவிடுகிறது.

ஆகவே, இந்தப் பகுதியில் அளக்க வருகிறவர் கேள்வித்தாளை கம்பெனி கேட்டிலோ விடுதி வார்டன் முன்னாலோ நீட்டக் கூடாது. முதலில் கேட்க வேண்டியவை: பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? மாதம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள்? நாளை வேலை போனால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்?