கதவு தெரியாத வீடு

நம் நண்பர்களுள் பலர் தம் ஆராய்ச்சிக்கென ஒரு சர்வரை வைத்திருக்கிறார்கள். (ஓட்டல் சர்வர் அன்று; கணிப்பொறி!) விடுமுறைக்கு மதுரைக்கோ தஞ்சைக்கோ போனாலும், எஸ்.எஸ்.எச். என்னும் முறையால் அங்கிருந்தே அதனுள் நுழைந்து வேலையைத் தொடரலாம். வசதிதான். ஆனால், நமக்கென்று திறந்து வைத்த வழி நமக்கு மட்டுந்தானா திறந்திருக்கிறது?

ஒரு கணிப்பொறிக்கு 65,535 ‘போர்ட்’டுகள், அதாவது வாயில்கள், உண்டு. எஸ்.எஸ்.எச்.சுக்கு வழக்கமான வாயில் 22. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் அடங்கும். இவ்வளவையும் யார் தேடிப் பார்ப்பார் என்று தோன்றலாம். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ‘இசட்மேப்’ என்னும் நிரல், ஒரே கணிப்பொறியிலிருந்து அந்த முகவரிகள் அனைத்திலும் ஒரு வாயிலை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க வல்லது. நம் சர்வரைத் தேடி எவனும் வரவேண்டுவதில்லை. தட்டுகிறவன் எல்லா வீட்டையும் தட்டுகிறான்.

கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பூட்டிலேயே குறை இருந்தால் சாவியின் வலிமை என்ன செய்யும்? 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். லினக்ஸில் பெரிதும் பயன்படும் ‘எக்ஸ்.இசட்.’ என்ற சுருக்கு நிரலின் புதிய பதிப்பில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. சிலவகை லினக்ஸில் அது எஸ்.எஸ்.எச். சர்வரைப் பற்றிக்கொண்டு, தனக்குரிய இரகசியச் சாவி உடையவனைக் கடவுச்சொல் இன்றியே உள்ளே விட்டுவிடும். ஆந்திரேஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு துருவிப் பார்த்ததால் அது வெளிப்பட்டது. அரை விநாடி! அதே ஆண்டு ஜூலையில் ‘ஓபன் எஸ்.எஸ்.எச்.’ நிரலிலேயே வேறொரு பெருங்குறை வெளியாயிற்று. இத்தகைய குறை தெரியவந்த நேரத்துக்கும், நாம் நிரலைத் திருத்திக்கொள்ளும் நேரத்துக்கும் இடையில் அபாயம் மிகுதி.

இதற்குக் கண்ட உபாயம், வாயிலையே மறைத்துவிடுவது. சர்வரின் முன் நிற்கும் ‘பயர்வால்’ என்னும் காவல் நிரல், வாயில் 22-ஐ நாடி வரும் எல்லாத் தகவல் பொட்டலங்களையும் பதில் கூறாமல் எறிந்துவிடும். “மூடியிருக்கிறது” என்றுகூடச் சொல்லாது. அங்ஙனமாயின் உரிமை உடையவன் எப்படி நுழைவான்?

2003இல் மார்ட்டின் கிஷிவின்ஸ்கி என்பவர் ஒரு யுக்தியை விளக்கி எழுதினார். மூடிய வாயில்களைக் குறித்த வரிசையில், 7000, 8000, 9000 என்பதுபோலத் தட்டினால், காவல் நிரல் அதை அடையாளமாகக் கொண்டு உண்மை வாயிலைத் திறக்கும். அழகிய யோசனைதான், ஆனால் வழியில் ஒட்டுக்கேட்பவன் வரிசையை அறிந்து தானும் தட்டலாம். பொட்டலங்கள் முன்பின்னாக வந்து சேர்ந்தாலும் வரிசை கெடும்.

மைக்கேல் ராஷ் என்பவர் 2005இல் ‘எப்.டபிள்யூ.நாப்’ என்னும் தம் நிரலில் இதைத் திருத்தினார். பல தட்டுகளுக்குப் பதில் ஒரே ஒரு பொட்டலம். அதனுள் தற்செயலாய்த் தோன்றிய ஓர் எண், பயனர் பெயர், அனுப்பிய நேரம், எந்த முகவரிக்கு எந்த வாயில் திறக்கவேண்டும் என்ற வேண்டுகோள் ஆகியவை இருக்கும். இவை முழுவதும் மறைமொழியாக்கப்பட்டு, இடையில் எவரும் மாற்றவில்லை என்பதற்கு முத்திரையும் இடப்படும்.

இங்கேதான் சுவையான கேள்வி எழுகிறது. காவல் நிரல் எல்லாவற்றையும் எறிந்துவிடுகிறதே, இந்தப் பொட்டலத்தைப் படிப்பது யார்? நாப் நிரல் எந்த வாயிலையும் திறந்து வைத்துக் காத்திருப்பதில்லை. வலைக்கம்பியில் வருவதை, காவல் நிரல் தொடுமுன்பே, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. முத்திரை பொருந்தாவிட்டால் பேசாமல் விட்டுவிடும். பொருந்தினால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும், வழக்கமாக 30 விநாடிக்கு, வாயில் திறக்கும். அதற்குள் நாம் நுழைந்துவிட்டால், வாயில் மீண்டும் மூடினாலும் தொடங்கிய இணைப்பு அறுவதில்லை.

ஒட்டுக்கேட்பவன் பொட்டலத்தை நகலெடுத்துப் பின்னர் அனுப்பினால்? வந்த பொட்டலம் ஒவ்வொன்றின் சுருக்க அடையாளத்தையும் சர்வர் குறித்து வைத்திருக்கிறது. இரண்டாம் முறை செல்லாது. முதலிலேயே வழிமறித்துத் தன் முகவரியிலிருந்து அனுப்பினால்? திறக்கவேண்டிய முகவரி மறைமொழிக்குள் இருக்கிறது. வாயில் நமக்கே திறக்கும்.

“இது வெறும் ஒளிவுமறைவு, பாதுகாப்பு ஆகாது” என்று சிலர் தள்ளிவிடுவர். முறை இரகசியமாய் இருக்கத் தேவையில்லை, சாவி இரகசியமாய் இருந்தால் போதும் என்பது 1883இல் கெர்க்காப்ஸ் வகுத்த விதி. நாப் நிரலின் மூலவரிகள் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. மறைவாக இருப்பது சாவி மட்டுமே. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லாரும் காணவேண்டிய வலைத்தளத்தை இப்படி மறைத்துப் பயனில்லை. விடுதியில் நூறு பேர் ஒரே வெளிமுகவரியைப் பங்கிட்டுக்கொள்வதுண்டு. ஒருவருக்குத் திறந்தால் அந்த 30 விநாடி நூறு பேருக்குந்தான் திறந்திருக்கும். ஆகையால் எஸ்.எஸ்.எச். சாவியைக் கைவிடலாகாது, இது கூடுதற் காவலே அன்றி மாற்று அன்று. பொட்டலம் வழியில் தவறினாலும், இரு கணிப்பொறிகளின் கடிகாரங்களும் மிக வேறுபட்டாலும் வாயில் திறக்காது. ஏன் என்ற விளக்கமும் வராது.

நாப் நிரல் ஒருநாள் நின்றுபோனால் வீட்டுக்காரனே தெருவில் நிற்கவேண்டியதுதான். ஊருக்குப் புறப்படுமுன் கைபேசி இணைப்பின் வழியாக ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சர்வரின் அருகில் உட்காரக்கூடிய நண்பர் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.