வீட்டுக்கு முன் காணி

வீட்டுத்திட்டம் வருகிறது என்றதும் எமது மக்கள் முதலில் கேட்பது, "எத்தனை இலட்சம்?" என்பதையே. அடுத்தது, "எத்தனை தவணை?" காணி யாருடைய பெயரில் இருக்கிறது, மாரியில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்ற கேள்விகள் அத்திவாரம் வெட்டிய பின்னரே எழுகின்றன. இந்த ஒழுங்கு தலைகீழானது. இதைச் செட்டிகுளத்தில் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

2009 இல் காடு வெட்டி அமைக்கப்பட்ட மனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று வலயங்களுக்குப் பெரியவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. தொகையைப் பார்த்தால் அது ஒரு நகரம். நகரத்துக்குரிய திட்டந்தான் இல்லை. பக்கத்தில் ஓடும் அருவி ஆற்றிலிருந்து குடிதண்ணீர் இறைத்தார்கள். ஆனால் வானத்திலிருந்து விழும் தண்ணீர் வடிந்தோட வழி வைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் நடுப்பகுதியில், மாரி தொடங்குமுன்பே பெய்த மழையில் தறப்பாள் கொட்டில்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. அங்கிருந்தவர்கள் அந்த நாட்களை மறந்திருக்கமாட்டார்கள்.

எமது முன்னோர் ஊர் அமைத்த முறையை எண்ணிப் பாருங்கள். குளத்தின் பெயரே ஊரின் பெயர். குளக்கட்டுக்குக் கீழே வயல். தண்ணீர் ஏறாத மேட்டில் குடியிருப்பு. குளத்துக்கு மேலே காடு. அலைகரையில் எவரும் வீடு கட்டமாட்டார்கள். மாடு மேயும், அவ்வளவுதான். நகர அபிவிருத்தி படித்தவர்கள் இன்று நிலப்பயன்பாட்டுத் திட்டம் என்று அழைப்பது இதைத்தான். ஆனால் மீள்குடியேற்றக் காணி பங்கிடும்போது வீதியோரமாக நேர்கோடு இழுத்துத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். அளப்பதற்கு அது இலகு, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோட்டுக்குள் அலைகரையும் அகப்படுகிறது, பள்ளக்காணியும் அகப்படுகிறது. வான் பாயும் வருடத்திலேதான் அதன் விலை தெரியவரும்.

காணியின் அளவும் சிறிய விடயமன்று. கால் ஏக்கர் என்றால் நாற்பது பேர்ச். அதற்குள் வீடு, கிணறு, கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி மலசலகூடம், மாட்டுக்கொட்டில், நெல் காயவிட முற்றம், நாலு தென்னை. இவ்வளவும் கொண்டதே கமக்காரனின் வளவு. பட்டணத்துக் குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச் போதும். அதே அளவைக் கமக்காரனுக்குக் கொடுத்தால் அவன் நாளை கூலிக்குப் போகவேண்டியதுதான்.

மனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தமது ஊருக்குப் போகவில்லை. அங்கே இராணுவம் இருந்தது. அவர்களைச் சீனியாமோட்டையில் இறக்கினார்கள். பின்னர் மாதிரிக் கிராமத்தில் வீடுகளும் கிடைத்தன. ஆயினும் 2017 இல் அவர்கள் சொந்தக் காணி கேட்டு வீதியோரத்தில் அமர்ந்தார்கள். வீடு கிடைத்த பின் எதற்குப் போராட்டம் என்று கேட்பவர், வயலையும் தென்னையையும் நந்திக்கடல் தொழிலையும் விட்டு வந்தவனின் கணக்கை அறியாதவர்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. பயனாளியே நின்று கட்டவேண்டும். அம்முறை நல்லது. தன் வீட்டுக்கு எவனும் மணலைக் கூட்டிச் சீமெந்தைக் குறைத்துக் கலக்கமாட்டான். ஆனால் காணி உரிமையைக் காட்ட முடியாதவர்கள் வரிசையின் பின்னால் தள்ளப்பட்டனர். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இவர்களுள் முக்கியமானவர்கள். கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியாப் பகுதியில் அவர்களைக் குடியமர்த்தியது. 1983 இல் இருவரும் கைதாகி, இராஜசுந்தரம் வெலிக்கடையில் கொல்லப்பட்டார். காடு வெட்டி மண்ணைத் திருத்திய பலரிடம் இன்றுவரை ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கும் சிக்கல் உண்டு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த காணியை நினைத்தபடி பிரிக்க முடியாது. கலியாணம் முடித்த பிள்ளைகள் தகப்பனின் வளவிலேயே கொட்டில் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுத்திட்டம் வரும்போது அவர்களுக்குக் காணி இல்லை. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணி முன்பு மூத்த ஆண்பிள்ளைக்கே முதலிற் போனது. 2022 இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு, பெண்பிள்ளைகளும் ஆண்களுக்குச் சமமாகக் கணிக்கப்பட்டனர். யுத்தத்தில் ஆண்துணையை இழந்த குடும்பங்கள் நிறைந்த வன்னியில் இது எவ்வளவு காலந்தாழ்த்தி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா? அநேகர் பார்த்ததே இல்லை.

மலிவு வீடு என்ற சொல்லையும் கவனமாகக் கேட்கவேண்டும். 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்றார்கள்; ஒன்று ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. கல்வீடு அதிற் பாதியளவில் கட்டலாம் என்று பொறியியல் அறிந்தவர்கள் காட்டினார்கள். விறகடுப்பு மூட்டும் வீட்டுக்கும் வன்னி வெயிலுக்கும் அது ஒவ்வாதென்று மக்களும் எதிர்த்தார்கள். அந்த அளவில் திட்டம் நிறைவேறவில்லை. மறுபக்கம், கொடுக்கும் காசுக்கு மேலே பெரிதாக அத்திவாரம் போட்டு, நகையை அடைவு வைத்தவர்களும் எம்மிடையே உண்டு. 2019 இல் அரசாங்கம் மாறித் தவணை நின்றபோது கூரையில்லாமல் நின்ற மாதிரிக் கிராம வீடுகளை நீங்களே அறிவீர்கள். கிடைக்கும் காசுக்குள் ஓர் அறையையும் குசினியையும் கூரையோடு முடித்துக் குடியேறுங்கள். விறாந்தை அடுத்த போகத்துக்கு நிற்கட்டும்.

அடுத்த காணிக் கச்சேரிக்குப் போகுமுன் பழைய பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, முகாம் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பிரதேச செயலகத்தில் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள். நில அளவையாளர் வரும் நாளில் கணவன், மனைவி இருவரும் வளவில் நில்லுங்கள். எந்த மரத்தடியில் எல்லைக்கல் நட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.