சிறிய இலையில் ஒரு படையல்

தீபாவளித் திருநாள் நெருங்கும் வேளையில் சிராங்கூன் சாலை வண்ண விளக்குகளால் பொலிவு பெறுகிறது. ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்படும் பக்தர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை அடைந்து தீமிதித்து நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். இவ்விழாக் காலத்தில் ஆலயத்திலன்றி இல்லங்களில் நிகழும் வழிபாடு ஒன்றும் உண்டு. அதுவே முன்னோர் படையல்.

தீபாவளிக்கு முந்திய நாளிலோ அதற்கு முன்னுள்ள வாரத்திலோ, சிங்கப்பூர்த் தமிழ் இல்லங்கள் பலவற்றில் மறைந்தோரின் படங்கள் துடைக்கப்பட்டு மாலை சூட்டப்படுகின்றன. வாழை இலை விரித்து, அவர்கள் விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படைக்கின்றனர். பாட்டனாருக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சுருட்டும், பாட்டியாருக்கு மீன் குழம்பும் வெற்றிலை பாக்கும் என, அவரவர் விருப்பமறிந்து இலை நிறைகிறது. புத்தாடைகளும் வைக்கப்படுகின்றன. சாம்பிராணி காட்டிச் சற்று ஒதுங்கி நின்றபின், படைத்தவற்றை உற்றார் உறவினர் பகிர்ந்து உண்கின்றனர்.

சில இல்லங்களில் அப்பெரிய இலைகளுக்கு அருகே சிறிய இலை ஒன்றும் இடம்பெறும். நெய் பிசைந்த பருப்புச் சோறு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்த இடியாப்பம், இரண்டு நெய் உருண்டை, ஒரு குவளை மைலோ. இளமையிலேயே மறைந்துபோன பிள்ளைக்கு உரிய இலை அது.

திதி இல்லாத செல்வங்கள்

பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆண்டுதோறும் திதி கொடுக்கின்றனர். பிள்ளை முந்திச் சென்றுவிட்டால் அதற்குத் திதி கொடுப்பார் யார்? பச்சிளங் குழந்தைகளை எரிக்காமல் புதைப்பதே பழைய மரபு. பெரியவர்களுக்குரிய சடங்குகள் பல அவர்களுக்கு இல்லை. அறியாப் பருவத்தில் சென்ற உயிருக்குக் கருமக் கடன் ஏதுமில்லை என்று அதற்கு விளக்கம் கூறுவர். அவ்விளக்கம் அறிவுக்கு ஏற்புடையதாகலாம். பெற்ற வயிற்றுக்கு அது போதுவதில்லை. ஆகவேதான் புரோகிதரின்றி, மந்திரமின்றி, அடுக்களையிலேயே பிறந்தது இவ்வழிபாடு. தமிழகத்திலும் மணமாகுமுன் மறைந்த பெண்பிள்ளைகளைக் கன்னித் தெய்வமாகப் போற்றி, சிற்றாடை வைத்து, பொங்கலும் பணியாரமும் படைக்கும் குடும்பங்கள் உண்டு.

சிங்கப்பூரில் 1950ஆம் ஆண்டு, உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 80க்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மறைந்தன. இன்று அவ்வெண்ணிக்கை மூன்றுக்கும் குறைவு. போற்றத்தக்க மாற்றம் இது. ஆயினும், பிள்ளையை இழந்தவர்கள் இன்று முன்னிலும் தனித்துப் போகின்றனர். அன்று அண்டை வீட்டாரும் அத்துயரை அறிந்திருந்தனர். இன்றோ என்ன சொல்வதென்று அறியாமல் உறவினரும் பேச்சை மாற்றிவிடுகின்றனர். நாளடைவில் பிள்ளையின் பெயரே வீட்டில் ஒலிக்காமல் போகிறது. அப்பெயர் உரக்க ஒலிக்கும் நாளாகப் படையல் நாள் அமைகிறது.

உண்ண அழைக்கும் குரல்

தீமிதித் திருவிழாவின் நாயகியாகிய திரௌபதை அம்மனும் மக்களைப் பறிகொடுத்த தாயே. பாரதப் போரின் முடிவில் ஓரிரவில் அசுவத்தாமனால் ஐந்து புதல்வர்களையும் இழந்தவள் அவள்.

பெரியபுராணம் கூறும் சிறுத்தொண்ட நாயனார் வரலாறு கேட்போர் நெஞ்சை நடுங்கச் செய்வது. பைரவ அடியாராக வந்த இறைவனுக்கு ஒரே மகன் சீராளனையே கறியமுதாக்கிப் படைக்கின்றனர் நாயனாரும் அவர்தம் மனைவியாரும். அடியாரோ, மகனையும் அழைத்தாலன்றி உண்ணமாட்டேன் என்கிறார். இனி வரமாட்டான் என்று அறிந்தும் அவர்கள் வாயிலில் நின்று அழைக்க, பள்ளியிலிருந்து வருபவன் போலச் சீராளன் ஓடி வருகிறான். சோழ நாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் சித்திரை மாதந்தோறும் நடைபெறும் அமுது படையல் விழா இதனை நினைவுகூர்கிறது. இவ்வரலாற்றில் பக்தியின் எல்லையைக் காண்போர் பலர். பிள்ளையை இழந்த தாயின் செவியில் நிற்பதோ உண்ண வருமாறு பெயர் சொல்லி அழைத்த அக்குரலே.

இவ்வுணர்வு நமக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோ நாட்டு மக்கள் நவம்பர் 1ஆம் நாளை மறைந்த குழந்தைகளுக்கும் மறுநாளைப் பெரியவர்களுக்கும் உரியதாகக் கொண்டு, அவரவர் விரும்பிய உணவை வைத்து வரவேற்கின்றனர்.

செய்முறையும் குடும்பச் சொத்தே

புகைப்படம் ஒன்றுகூட எடுக்குமுன் மறைந்த பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பலகாரத்தின் நினைவுதான்.

சுழியத்தை எடுத்துக்கொள்வோம். கடலைப்பருப்பை வேகவைத்து மசித்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் ஏலப்பொடியும் சேர்த்துக் கிளறி, உருட்டி, பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் தோய்த்துப் பொரித்தெடுக்க வேண்டும். இது பலரும் அறிந்த முறை. ஏலம் சேர்த்தால் அவன் தொடமாட்டான், தேங்காய் பல்லில் அகப்படக்கூடாது, உருண்டை அவன் கைக்குள் அடங்க வேண்டும் என்பனவெல்லாம் தாய் மட்டுமே அறிந்தவை. எழுதி வைக்காவிடில் தாயோடு அவையும் மறைந்துவிடும். பின்னர்ப் படையலில் சுழியம் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் சுழியம் இராது.

ஆதலின், அச்செய்முறையைப் பிள்ளையின் பெயரோடு எழுதி வைத்தல் நன்று. மாவு பிசையும்போதும் பூரணம் உருட்டும்போதும் வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரை உடன் அமர்த்திக்கொள்ளலாம். தாங்கள் காணாத அண்ணனையோ அக்காளையோ அவர்கள் அறிந்துகொள்ள அதுவே வழி. படைத்த பலகாரத்தை அடுக்குமாடியில் உடன் வசிக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்தால் சிறு வயிறுகள் குளிரும். பெற்ற மனமும் சிறிது ஆறும்.

படையலுக்கு வரும் உறவினர்க்கும் ஒரு வேண்டுகோள். சிறிய இலையைக் கண்டதும் பேச்சை மாற்ற வேண்டாம். பெயர் சொல்லி, பிள்ளைக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேளுங்கள். தாய் சொல்லுவாள், அழவும் செய்வாள். அருகிருந்து கேட்டு, அவள் எடுத்துத் தரும் பலகாரத்தை மறுக்காமல் உண்ணுங்கள்.